வாபஸ் வாங்குமுன்

கேள்வி: பங்காளி மீது கோயமுத்தூர்க் கோர்ட்டில் போட்ட சொத்து வழக்கை வாபஸ் வாங்கினால், பின்னர் மறுபடியும் தொடரலாமா? ஜங்கமச் சொத்து என்பது எது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆவது கட்டளைப்படி, புதிதாக வழக்கிடக் கோர்ட்டின் அனுமதியைப் பெறாமல் வாபஸ் வாங்கியவர், அதே விஷயத்துக்காக மறுபடியும் வழக்குத் தொடர இயலாது. அனுமதி பெற்றாலும், முதல் வழக்கே போடப்படாதது போலத்தான் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். நிலமும் வீடும் தோப்பில் காய்த்து நிற்கும் தென்னையும் ஸ்தாவரம், அதாவது அசையாச் சொத்து. நகையும் ரொக்கமும் தொழுவத்துக் காங்கயம் காளையும், வேர் மண்ணிலேயே இருந்தாலும் வயலில் விளைந்து நிற்கும் மஞ்சளும் ஜங்கமம். பங்காளிமேல் கோபம் தணிவது உத்தமம். அத்துடன் உரிமையும் தணிந்துவிடலாகாது. ஆகையால், வாபஸ் மனுவில் அனுமதி கோரும் வாசகம் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுங்கள்.