காவலனும் கள்ளனும் ஒரே ஜீப்பில்

வட்டவடையில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 2008 வாக்கில். பூண்டுக் கணக்கு எழுத என்று சொல்லித்தான் வாங்கினேன். நோட்டில் எழுதினால் கணக்கு கசக்குமா என்று அப்பா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வீட்டில் இன்டர்நெட் கிடையாது. அப்புறம் வைரஸ் எப்படி வரும் என்று தெம்பாக இருந்தேன்.

பென் டிரைவில் வந்தது. மூணாறிலிருந்து ஜீப்பில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பாம்பாடும்சோலை செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். என் சட்டைப்பையில் இளையராஜா பாட்டோடு உட்கார்ந்திருந்த ஆசாமியை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சொருகியதும் ஆட்டோரன் தானே கதவைத் திறந்துவிட்டது. 'பூண்டு' ஃபோல்டருக்குள் இன்னொரு 'பூண்டு'. அதே மஞ்சள் படம், வாலில் மட்டும் இஎக்ஸ்இ. டாஸ்க் மேனேஜரைக் கூப்பிட்டால், அட்மினிஸ்ட்ரேட்டர் அதை முடக்கிவிட்டதாகச் சொன்னது. வீட்டில் அட்மினிஸ்ட்ரேட்டர் யார் என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு ஆன்டிவைரஸ் தேடும் படலம். போடி மாமா புனேயின் குவிக் ஹீல் என்றார். கடைக்காரர் ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கை என்றார். கே7 சென்னைக்காரர்கள் செய்வது, நம்மாளு என்று எனக்கு ஒரு பாசம். யார் மனமும் நோகக் கூடாதென்று இரண்டைச் சேர்த்தே போட்டேன். எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன், தப்பு என்னுடையது. ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தன. கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் கட்டன் சாயா ஆறிவிடும்.

ஒன்றை நீக்கினேன். மிச்சமிருந்தது, தேடப்படுவோர் பட்டியலை வைத்து ஆள் பிடிக்கிற ரகம். பட்டியல் தினமும் மாறும், எனக்கோ மாதம் ஒருமுறைதான் மூணாறு. அங்கே பிரவுசிங் சென்டரில் அப்டேட்டை இறக்கி, அதே பென் டிரைவில் கொண்டுவருவேன். அந்த சென்டரில் இல்லாத வைரஸே கிடையாது. காவலனும் கள்ளனும் ஒரே ஜீப்பில் வந்தார்கள். ஜீப்புக் காசு என்னுடையது.

இன்று வீட்டில் லேப்டாப். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற காவல்காரன் சம்பளமில்லாமல் உள்ளேயே இருக்கிறான். மகளின் அரசுப் பள்ளியில் லினக்ஸ்தான், வைரஸ் என்றால் அவளுக்குக் கொரோனா. அப்டேட்டும் தானாக வருகிறது, நாம் தள்ளிப்போடாவிட்டால். 2017 மே மாதம் வானாக்ரை வந்து, வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

கள்ளன் இப்போது கம்ப்யூட்டரைச் சீந்துவதில்லை, நேரே போனில் வருகிறான். சென்ற வருஷம் அப்பாவைப் போலீஸ் என்று இந்தியில் மிரட்டி 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்யப் பார்த்தார்கள். அப்பாவுக்கு இந்தி தெரியாது. பூண்டு வியாபாரி என்று நினைத்து, "எத்தனை மூட்டை வேணும் தம்பி?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்களே வைத்துவிட்டார்கள். படித்த நான், வண்டி அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே என்ற ஆப் ஃபைலைப் பாதிவரை இன்ஸ்டால் செய்துவிட்டேன். பணம் போகாமல் காப்பாற்றியது வட்டவடையின் சிக்னல்.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கலாமா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். வீட்டுக்கு டிஃபெண்டரே போதும், அப்டேட்டை நிறுத்தாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.