மூன்று லட்சம் டாலரும் ஒரு மூட்டைச் சருகும்

பதினைந்து வயதில் வாடகைக் கேசட்டில் 'ஹாலோவீன்' திகில் படம் பார்த்துவிட்டு ஒரு வாரம் கொல்லைப்பக்கம் தனியாகப் போகவில்லை. போன வாரம் மறுபடி பார்த்தேன். கொலைகாரனைப் பார்த்துப் பயம் வரவில்லை. தயாரிப்பாளரை நினைத்துத்தான் வயிறு கலங்கியது.

1978ல் இயக்குநர் ஜான் கார்பெண்டர் கையில் இருந்தது சுமார் மூன்று லட்சம் டாலர். சுமார் இருபது நாளில் எடுத்து முடிக்க வேண்டும். கதை நடப்பது இலினாய் மாநிலத்தில், அக்டோபர் கடைசியில். படம் பிடித்ததோ கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். மரமெல்லாம் பச்சைப்பசேல். அதனால் இலைகளுக்கு வர்ணம் பூசித் தெருவில் கொட்டினார்கள். ஷாட் முடிந்ததும் கூட்டி அள்ளி, மூட்டை கட்டி, அடுத்த தெருவுக்குத் தூக்கிப்போனார்கள். இது தெரிந்த பிறகு எங்கே பயப்படுவது? கதாநாயகி புத்தகங்களை மார்போடு அணைத்தபடி நடந்து வருகிறாள், வேலியோரம் முகமூடிக்காரன் நிற்கிறான். என் கண்ணெல்லாம் தரையில். போன காட்சியில் வந்த அதே சருகுதானே இது? நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் பனை போல ஏதோ நிற்கிறது. இலினாயில் பனை!

முகமூடிக்கு ஆன செலவு இரண்டு டாலருக்கும் குறைவு. 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க்கின் ரப்பர் முகத்தை வாங்கி, புருவத்தைப் பிய்த்து, கண்ணோட்டையை அகலமாக்கி, வெள்ளையடித்தார்கள். விண்வெளியில் கப்பல் ஓட்டியவர் இங்கே சமையலறைக் கத்தியோடு சந்துபொந்தில் அலைகிறார். முகமூடிக்குள் இருந்த நிக் காஸில் இயக்குநரின் கல்லூரி நண்பர். கூலி நாளைக்கு 25 டாலர். டாக்டர் வேடத்தில் வரும் டொனால்ட் பிளெசென்ஸுக்கு ஐந்து நாளைக்கு 20,000. அந்த ஐந்து நாளில் பெரும்பகுதி புதருக்குப் பக்கத்தில் நின்றே கழிகிறது. ஊரில் கொலை விழ விழ, மனிதர் புதரைக் காவல் காக்கிறார்.

ஆறு வயதில் மனநல மருத்துவமனைக்குள் போய்ப் பதினைந்து வருடம் அடைபட்டுக் கிடந்த கொலைகாரனுக்குக் கார் ஓட்டத் தெரிந்தது எப்படி? படத்திலேயே ஒருவர் கேட்கிறார். யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று டாக்டர் மழுப்புகிறார். லைசென்ஸ் கேட்க ஒரு போலீஸ்காரருக்குக்கூடத் தோன்றாத ஊர்.

கதாநாயகியின் பெயர் லாரி. நம் காதுக்கு நெல்மூட்டை ஏற்றுவது போல இருக்கும். நடித்த ஜேமி லீ கர்டிஸுக்கு அப்போது 19 வயது. அம்மா ஜேனட் லீ 'சைக்கோ' படத்தில் குளியலறையில் குத்துப்பட்டவர். குடும்பத் தொழில். ஆனால் அம்மாவின் அனுபவத்தில் மகள் ஒன்றும் கற்கவில்லை. முகமூடிக்காரனைக் குத்திச் சாய்த்துவிட்டு, கத்தியை அவன் பக்கத்திலேயே போடுகிறாள். ஒருமுறை என்றால் பதற்றம் எனலாம். இரண்டாம் முறையும் போடுகிறாள். வீட்டில் யாரும் எதையும் எடுத்த இடத்தில் வைப்பதில்லை என்ற என் பழைய ஆத்திரம் கிளம்பிவிட்டது.

இசைக்கு ஆள் வைக்கக் காசில்லை, கார்பெண்டரே வாசித்துவிட்டார். சிறுவயதில் அப்பா போங்கோவில் சொல்லிக்கொடுத்த ஐந்தெண்ணிக்கைத் தாளம், நம் கணக்கில் கண்டம். காலை ஆட்டிக்கொண்டு ரசித்தேன். படத்தின் கடைசியில் ஆறு குண்டு வாங்கி மாடியிலிருந்து விழுந்தவன், எட்டிப் பார்த்தால் புல்தரையில் இல்லை. அப்புறம் காலி அறைகள், படிக்கட்டு, இருண்ட வீடு. எல்லாவற்றின் மேலும் அவனுடைய மூச்சுச் சத்தம்.

கொல்லைக் கதவு தாழ் போட்டிருக்கிறதா பார்த்துவா என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீங்களே போய்ப் பாருங்க."

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.