மேலே ஓர் அறை, கீழே அதற்கான வாடகை

லண்டனின் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளுக்குப் பக்கவாட்டில் வளர வழியில்லை; இருபுறமும் அடுத்தவர் சுவர். எனவே வீடு மேலே வளர்கிறது. ஓட்டுக்கூரைக்கு அடியில் பழைய பெட்டிகளும் தண்ணீர்த் தொட்டியும் சிலந்திகளும் குடியிருக்கும் முக்கோண வெளியை அறையாக்குவதே 'லாஃப்ட் கன்வெர்ஷன்'.

முதலில் உயரம். கூரையின் உச்சியில் 2.2 மீட்டராவது தேவை என்பது கட்டுநர்களின் கணக்கு. புதிய தரையும் குளிர்காப்பு அடுக்கும் அதிலும் பங்கு கேட்கும். மிச்சத்தில் நிமிர்ந்து நடக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் நட்டநடுவில்.

அடுத்தது வெளிச்சம். கூரைச் சரிவிலேயே பதிக்கும் ஜன்னலை 1940களில் டென்மார்க்கின் வில்லும் கான் ராஸ்முசென் பிரபலமாக்கினார். செங்குத்து ஜன்னலைவிட அது வெளிச்சத்தை அள்ளித் தரும். ஜூன் மாத லண்டனில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே உதிப்பதால், வெளிச்சத்துக்குச் செலவழித்தவர் அடுத்து இருட்டுத் திரைக்கும் செலவழிப்பார்.

இடம் போதாதவர்கள் சரிவைப் பிளந்து, பெட்டிபோல் வெளியே துருத்தும் 'டார்மர்' எழுப்புகிறார்கள். இங்கிலாந்தில் வரிசை வீட்டில் 40 கனமீட்டர் வரை கூட்டப் பொதுவாகத் தனித் திட்ட அனுமதி வேண்டாம். ஆனால் தெருவைப் பார்த்த சரிவில் கட்டக்கூடாது. விளைவு, முகப்பில் விக்டோரியா மகாராணி, முதுகில் பெட்டிக்கடை. இந்நகரத்தின் உண்மையான கட்டடக்கலையை, வீடுகளின் முதுகுப்பக்கமாகப் போகும் ரயில் பயணிகளே பார்க்கிறார்கள்.

பொதுச் சுவரில் விட்டம் செருக, 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் சம்மதிக்காமல் தனக்கென ஒரு சர்வேயரை அமர்த்தினால், கட்டணம் வழக்கமாகக் கட்டுபவர் தலையில். பல ஆண்டுகள் 'ஹலோ'வோடு நின்ற உறவு இப்போதுதான் சூடுபிடிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பேராசைக்காரன் படிக்கட்டு. கீழ்த்தளத்தில் ஓர் அறையின் மூலையையாவது தின்றுவிட்டுத்தான் மேலே ஏறும். இடம் குறைவென்றால், இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் மாற்றி மாற்றிப் பாதிப் பாதியாக வெட்டிய படிகள் உண்டு. தவறான காலில் தொடங்கியவர் இறங்கிவந்து மறுபடி தொடங்குவதே நல்லது.

இரண்டு மாடி வீடு மூன்றானதும் தீ விதிகள் விழித்துக்கொள்கின்றன. படிக்கட்டு வாசல்வரை தனிச் சுவருக்குள் இறங்க வேண்டும். அதைப் பார்த்த கதவுகள் குறைந்தது இருபது நிமிடம் தீயைத் தாங்க வேண்டும். விசாலத்துக்காகக் கூடத்தையும் படிக்கட்டையும் ஒன்றாக்கியவர்கள், மேலே இன்னொரு விசாலம் கிடைப்பதற்காகக் கீழே மறுபடி சுவர் எழுப்புகிறார்கள்.

இறுதியில் கட்டட விதி ஆய்வாளரின் நிறைவுச் சான்றிதழ். அது இல்லாவிட்டால், கட்டிலும் குளியலறையும் இருந்தாலும் வீட்டுத் தரகர் அதைப் படுக்கையறை என்று எழுதத் தயங்குவார். விளம்பரத்தில் அது வெறும் 'லாஃப்ட் ரூம்'.