‘ஃபைனல்’ என்னும் இடைநிலை: ஓர் இலக்கண ஆய்வு

முன்னுரை

தமிழில் இலக்கணம் காணப்படாத பொருள் குறைவு. எழுத்துக்கு உண்டு, சொல்லுக்கு உண்டு, தலைவி தனித்து நிற்கும் கடற்கரைக்கும் உண்டு. இணையதளம் வடிவமைப்பவன் தன் கோப்புகளுக்கு இடும் பெயர்களுக்கு மட்டும் யாரும் இலக்கணம் காணவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம்: கோவையில் என் அக்கா மகனின் மாடி அறை. தரவு: ஒரு துணிக்கடையின் முகப்புப் பக்கத்துக்காக அவன் வைத்திருந்த ஃபோல்டர். அதில் கோப்புகள் 17. ‘ஃபைனல்’ என்ற சொல் வருவன 14. எஞ்சிய மூன்றில் ஒன்றின் பெயர் ‘ரியல்’, மற்றொன்று ‘லாஸ்ட்’, மூன்றாவது ‘இதுதான்’. ஆய்வு நிகழ்ந்த காலம்: அவன் டீ குடிக்கக் கீழே போயிருந்த பத்து நிமிடம்.

கருவிகள்

கோப்புதோறும் ‘ஃபைனல்’ என்று பெயரிடும் இந்நோய் கருவிப் பஞ்சத்தால் வந்தது என்பாரை முதலில் மறுப்போம்.

1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில் தொடக்கத்தில் ஓர் அடிதான் பின்னால் வர முடியும். 1998இல் ஐந்தாம் பதிப்போடு ஹிஸ்டரி பேனல் வந்தபின் பல அடி பின்வாங்கலாம் என்றானது. 2005இல் லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்பதை எழுதினார். செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 குறிகள் கொண்ட தனி அடையாளம் கொடுத்து, எதையும் தொலைக்காமல் அது காக்கும். 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா, உலாவியிலேயே ஓடும். ஒரே கோப்பில் பலர் வேலை செய்யலாம். பழைய நிலைகளைத் தானே சேமித்து வைக்கும். அதில் இரண்டாம் கோப்புக்குத் தேவையே இல்லை.

நம் ஆய்வுக்குரியவனிடம் இவை மூன்றும் உள்ளன. ஃபிக்மாவிலும் அவன் கோப்பு ஒன்றுதான். ஆனால் அதனுள்ளே பக்கங்களுக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று பெயரிட்டிருந்தான்.

வேகம் கூட்டும் கருவிகளுக்கும் குறைவில்லை. விஷுவல் ஸ்டுடியோ கோடில் எம்மெட் என்றொரு வசதி உண்டு. ‘பட்டியல், அதற்குள் ஐந்து உருப்படி’ என்பதைச் சில குறிகளால் எழுதி டேப் தட்டினால் முழு எச்டிஎம்எல்லும் விரிகிறது. நூற்பாவை எழுதினால் உரை தானே எழுந்து வரும் இக்கருவி உரையாசிரியர் நச்சினார்க்கினியருக்குக் கிடைக்காமற் போனது நம் நல்வினை.

நேர மேலாண்மைக்குப் பொமொடோரோ. 1980களின் பிற்பகுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் படித்த முறை இது: 25 நிமிடம் வேலை, பிறகு சிறு ஓய்வு. நம் நாழிகை 24 நிமிடம். மிகுந்த ஒரு நிமிடம் எதற்கு என்று நெடுநாள் குழம்பினோம். மணி அடித்ததும் அக்கா மகன் ‘சேவ் ஆஸ்’ கொடுத்துப் புதுப்பெயர் யோசிப்பதைக் கண்டபின் விளங்கியது.

பெயர் வளர்ந்த வரலாறு

டாஸ் காலத்தில் கோப்புப் பெயருக்கு எட்டெழுத்து, புள்ளிக்குப்பின் மூன்றெழுத்து. ஆங்கிலத்தில் ‘ஃபைனல்’ ஐந்தெழுத்து; மிச்சம் மூன்றில் இன்னொரு ஃபைனல் அடங்காது. ஒருமுறை முடிந்தால் முடிந்ததுதான். 1995இல் விண்டோஸ் அந்த வரம்பை 255 எழுத்துக்கு உயர்த்தியது. ஒரு வெண்பாவையே அடக்கலாம். ஆனால் கேள்விக்குறிக்கு இடமில்லை. விண்டோஸ் அதைப் பெயரில் ஏற்காது. ‘ஃபைனல்?’ என்று நேர்மையாக எழுதும் வழி அடைபட்டுப் போனதே ‘ஃபைனல்2’ தோன்றக் காரணம் என்பது எம் துணிபு.

பகுபத உறுப்பிலக்கணம்

நன்னூலார் பகுபதத்துக்குக் கூறிய ஆறு உறுப்புகளும் கோப்புப் பெயருக்கு முற்றும் பொருந்தும். சான்று: ஹோம்_ஃபைனல்_நியூ_2_ஓகே.

‘ஹோம்’ பகுதி. பெயரில் பொய் சொல்லாத ஒரே உறுப்பு.

‘ஓகே’ விகுதி. திணை, பால், எண், இடம் உணர்த்தும். இங்கே உயர்திணை, பலர்பால், படர்க்கை. கடைக்காரர், அவர் தம்பி, தம்பியின் மாப்பிள்ளை ஆகியோரைக் குறித்தது.

‘நியூ’ சாரியை. தனக்கெனப் பொருளில்லை, நடுவில் வந்து நிற்கும். ‘2’ஐயும் சாரியை என்பார் உளர். அது எண்ணன்று, பெருமூச்சு என்பாரும் உளர்.

அண்டர்ஸ்கோர் சந்தி. வலைமுகவரியில் அதைவிட ஹைஃபனே ஏற்றது என்று கூகுள் சொல்கிறது; அது வேறு மரபு.

சந்தியிடாமல் இடைவெளி விட்டால் விகாரம் நேரும். வலைமுகவரியில் இடைவெளி ‘%20’ ஆகிவிடும். இது திரிதல். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் சர்வர் குறில் நெடில்போல வேறுவேறாகக் கொள்ளும். வீட்டுக் கணினியில் தெரிந்த லோகோ சர்வரில் தெரியாமற் போகும். இது கெடுதல்.

ஆறாவது ‘ஃபைனல்’. காலம் காட்டுவதால் இஃது இடைநிலை. வடிவத்தில் இறந்தகாலம்: வேலை முடிந்தது. பொருளிலோ எதிர்காலம்: முடியும். இரண்டையும் ஒருங்கே காட்டும் இடைநிலை வேறெந்தச் சொல்லிலும் இல்லை.

ஒரு பாடபேதச் சிக்கல்

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சுவடிகளை ஒப்பிட்டு, எது மூலபாடம் என்று தேடினார். கேட்டறியப் பாடிய புலவர் உயிரோடில்லை. நம் ஆய்வில் நூலாசிரியர் உயிருடன் எதிரில் இருந்தார். டீ குடித்துவிட்டு மேலே வந்து விட்டார்.

“இதுல எதுடா ஃபைனல்?”

“எல்லாமே ஃபைனல்தானுங்க மாமா. அந்தந்த நேரத்துக்கு.”

இதனால் விளைந்த கேடு ஒன்று உண்டு. ஆடித் தள்ளுபடி பேனரின் பத்தாம் வடிவத்துக்குக் கடைக்காரர் கட்டைவிரலை உயர்த்தி வாட்ஸாப்பில் சம்மதம் அனுப்பினார். சர்வரில் கோப்புகள் எழுத்து வரிசையில் நின்றன. அவ்வரிசையில் ‘ஃபைனல்10’ ‘ஃபைனல்2’க்கு மேலே போய்விடும், முதற்குறி ஒன்று, ஒன்று இரண்டுக்கு முந்தியது, அவ்வளவுதான். அடியில் நின்றது ‘ஃபைனல்9’. அடியில் உள்ளதே கடைசி என்று நம்பி அக்கா மகன் அதையே முகப்பில் மாட்டினான். பத்தாம் வடிவத்தில் தள்ளுபடி 15 சதவீதம். ஒன்பதாம் வடிவத்தில் 50. ஓர் இரவு முழுக்க அக்கடை ஊருக்கே பாதி விலைக்குப் புடவை தருவதாக அறிவித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கடைக்காரர் போனில் பேசியதை இவ்வாய்வில் சேர்க்க இயலவில்லை. ஆனால் அவரும் குற்றமற்றவர் அல்லர். ஒவ்வொரு முறையும் “இதோட ஃபைனல் தம்பி” என்று சொன்னவர் அவரே. பழைய நிலையை மீட்க கிட் இருக்கிறது. கடைக்காரரின் மனத்தை ஒரு நிலையில் நிறுத்தக் கருவி இல்லை. ‘ஃபைனல்’ கோப்பின் பண்பன்று, பணம் கொடுப்பவரின் அப்போதைய மனநிலை.

முடிவுரை

ஆதலின் வடிவமைப்பவர்க்கு இவ்வாய்வு பரிந்துரைப்பன: பெயரைத் தேதியில் தொடங்குக. ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் இறுதியில், ஒற்றை இலக்கத்துக்கு முன் சுழியம் இட்டு எழுதுக. ஐஎஸ்ஓ 8601 என்னும் உலகத்தரம் சொல்வதும் இதுவே. அப்படி எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். எந்தச் சர்வரிலும் அடியில் நிற்பதே பிந்தியது. சின்ன எழுத்தே போதும், இடைவெளி வேண்டாம்.

இலக்கண முடிபு ஒன்று. மீதிப் பணம் கணக்கில் ஏறியதாக வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியே வினைமுற்று. அதற்கு முன் வருவன யாவும் எச்சம். ‘ஃபைனல்’ என்ற சொல்லைப் பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்க.