'அறிஞர் ஒருவர்' வாழ்க!

அருமனைச் சீமையின் கட்டுரைச் செல்வங்களே, மேற்கோள் வள்ளல்களே! உங்கள் திருக்கரங்கள் தீட்டிய விடைத்தாள்களைத் திருத்தும் பேறு பெற்றவை இந்தக் கண்கள். கோடி கும்பிடு போட்டாலும் தகும்.

முதல் கும்பிடு, கட்டுரைதோறும் தவறாமல் எழுந்தருளும் 'அறிஞர் ஒருவர்' என்னும் மகானுக்கு. பெயரில்லை, நூலில்லை, பக்க எண்ணில்லை. பரம்பொருளின் இலக்கணமல்லவா இது! அவர் களைத்த இடத்தில் அப்துல் கலாம் வருகிறார், கனவிலும் சொல்லியிராத பொன்மொழிகளோடு. மறைந்த பெருமகனாரை இன்றும் ஓயாமல் பேசவைக்கும் உங்கள் பக்திக்கு ஈடுண்டோ! மேற்கோளுக்கு மூலம் கேட்பானேன்? நூறு ரப்பர் மரத்துப் பாலை ஒன்றாக உறையவிட்டு ஷீட் அடித்தபின், இது எந்த மரத்துப் பால் என்று எந்த வியாபாரி கேட்டான்? ரப்பர் மண்ணில் பிறந்த உங்களுக்கு இதைச் சொல்லித்தரவும் வேண்டுமோ!

பிறர் எழுத்தோடு ஒப்புமை நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் தண்டனை என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது. உங்கள் மதிநுட்பத்தின்முன் அதுவும் மண்டியிட்டது. இல்லாத நூலின் இல்லாத வரியை எந்தக் கருவி எதனோடு ஒப்பிடும்? ஒப்புமை பூஜ்யம்! அந்த வரிக்குப் பச்சை மையில் அடிக்கோடு வேறு. கோட்டை எண்ணி மதிப்பெண் வழங்கி, வரியைப் படித்து உங்களைச் சங்கடப்படுத்தாத ஆசான்களின் கருணையைக் கர்ணனும் கடன் கேட்பான்.

உ.வே.சாமிநாதையர் பாவம். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன், அதன் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமல் விட்ட மேற்கோள்களுக்காக ஏடு ஏடாகப் புரட்டித் தவித்தார். உங்கள் வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் கண்ணாவது பிழைத்திருக்கும்.

ஆனாலும் சிதறால் மலை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைதான் மணிமகுடம். பக்கத்திலிருக்கும் மலையில் பாதம் படாமல், 'ஆய்வாளர் பலர் கூறுவர்' என்று தொடங்கி அதையே சொல்லி முடித்த அடக்கம் யாருக்கு வரும்! அங்கே பாறையில் வட்டெழுத்து இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் குணந்தாங்கிக் குரத்திகள், திருச்சாரணத்து மலை என அன்று வழங்கிய அம்மலையின் தேவி படாரியாருக்குப் பொன்னணி கொடுத்தாராம். கொடுத்தது யார், அவருக்கு ஆசிரியர் யார், யாருக்குக் கொடுத்தார், எந்த ஆண்டு, எல்லாவற்றையும் உளி தேயத் தேய வெட்டி வைத்திருக்கிறார்கள். 'அன்பர் ஒருவர் அளித்தது' என்று சுருக்கமாக முடிக்கத் தெரியாத காலம்.