பங்காளிக் கிணறு

மேலூர்ப் பக்கத்துப் பங்காளிக் கிணறு தெரியும்தானே? நாலு வீட்டுக்கும் கிணறு ஒன்று, மோட்டார் தனித்தனி, பேச்சுவார்த்தை கிடையாது. வயலோரம் நிற்கிற செல்போன் டவரும் அந்த வகைதான். கம்பம் ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று. ஆன்டெனா மட்டும் ஆளுக்கொன்று. 2007-ல் இண்டஸ் டவர்ஸைத் தொடங்கியதே பார்தி, வோடஃபோன், ஐடியா என்ற மூன்று போட்டியாளர்கள். குறை சொல்லவில்லை, மிச்சமான இடத்தில் நாலு தென்னை நிற்கலாம்.

நேரம் பார்ப்பதிலும் பங்காளிகளுக்கு ஒற்றுமை உண்டு. 2024 ஜூன் 27-ல் ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாள் ஏர்டெல், அன்றைக்கே வோடஃபோன் ஐடியாவும். பேசி வைத்தார்கள் என்று நான் சொல்வேனா? மாட்டுத்தாவணி ஆட்டோ ஸ்டாண்டிலும் யாரும் பேசி வைப்பதில்லை, ரேட்டு மட்டும் ஒன்றாக வரும்.

பழைய சண்டை ஒன்றில், புதிதாக வந்த ஜியோ மற்றவர்கள் அழைப்புகளைக் கைமாற்றத் தனக்குப் போதிய இணைப்பு முனைகள் தரவில்லை என்றது. முதலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பார்க்கட்டும், போட்டி ஆணையம் பிறகு வரட்டும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணற்றுத் தகராறிலும் அப்படித்தான்: முதலில் வி.ஏ.ஓ., அப்புறம் தாசில்தார். அதற்குள் நமக்கு ‘ரீசார்ஜ் முடிகிறது’ என்று மெசேஜ் வந்துவிடும், மாதம் முடியுமுன்பே, இருபத்தெட்டாம் நாளில்.