மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது

ஃபார்வர்டு மாமாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. சொந்தபந்தத்தில் யாருக்கும் இப்போது அது நினைவில்லை. போனில்கூட இந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் இருப்பதால், நான் யாரைச் சொல்கிறேன் என்று தேடிக் களைக்க வேண்டாம்.

அதிகாலை நாலரைக்கு எழுவார். பல் துலக்குவதற்கு முன்பே ஊருக்கு வணக்கம் போயாக வேண்டும். திங்களுக்குச் சிவன், செவ்வாய்க்கு முருகன், வெள்ளிக்கு அம்மன், சனிக்கு ஆஞ்சநேயர். ஞாயிறு மட்டும் தெய்வங்களுக்கு விடுமுறை. ஆவி பறக்கும் காபியும் பக்கத்தில் ஒரு ரோஜாவும் பொறுப்பேற்றுக்கொள்ளும். குடும்பக் குரூப், எழுபத்தெட்டாம் வருஷ எஸ்.எஸ்.எல்.சி. குரூப், பென்ஷனர் குரூப், நடைப்பயிற்சிக் குரூப், குலதெய்வக் கோயில் திருப்பணிக் குரூப் என்று எல்லாவற்றிலும் பட்டுவாடா நடக்கும். இவற்றில் மூன்றில் நானும் இருக்கிறேன். செவ்வாய்தோறும் எனக்கு மூன்று முருகன். மூவரும் ஒருவரே.

இந்தியப் போன்கள் காலை வணக்கம் தின்று தின்று மூச்சு முட்டுவதைப் பார்த்த கூகுள், 2018-இல் தன் ஃபைல்ஸ் கோ செயலியில் அந்தப் படங்களைத் தேடிப்பிடித்து அழிக்க வசதி செய்து தந்தது. மாமா அந்தச் செய்தியையும் ரோஜாப் பின்னணியில் அனுப்பிவைத்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அரசு அலுவலகத்தில் 35 வருஷம் ‘மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். கோப்பைப் படிப்பது அவர் சீட்டு வேலை அல்ல; தன் மேசையில் அது தங்கக் கூடாது, அவ்வளவுதான். அங்கே கட்டு கட்டாகத் தள்ளியவர், இங்கே ஜிபி ஜிபியாகத் தள்ளுகிறார்.

நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தியை வருஷத்துக்கு இரண்டு முறையாவது அனுப்புவார். வாட்ஸ்அப் பிறந்தது 2009-இல். அதற்கு முந்தைய வருஷமே யுனெஸ்கோ கைவிரித்த சமாச்சாரம் இது. ஒரு நாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

“மாமா, அப்படி எதையும் அறிவிக்கலைன்னு அவங்களே 2008-ல சொல்லிட்டாங்க.”

“அப்படியா மாப்ள? சரி, அந்த மறுப்பை எனக்கு அனுப்பு. அதையும் போட்டுர்றேன்.”

பலமுறை அனுப்பப்பட்டது என்று எச்சரிக்க வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறதல்லவா? மாமாவுக்கு அது ஐ.எஸ்.ஐ. முத்திரை. அம்பு இல்லாத சரக்கை அவர் தொடுவதே இல்லை.

பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி, நம் திருவண்ணாமலைப் பக்கம் உட்பட, அப்பாவிகளை அடித்தே கொன்ற கொடுமைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்குத்தான் ஃபார்வர்டு என்று கட்டுப்பாடு வந்தது. மாமா ஐந்து ஐந்தாகப் பிரித்துக்கொண்டார். 2020 ஏப்ரலில், அதிகம் சுற்றியதை ஒருமுறைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அவர் அசரவில்லை. “ஒவ்வொருத்தருக்கா அனுப்புறப்பத்தான் மாப்ள, ஒரு அன்னியோன்யம் தெரியுது” என்றார்.

அவசரத்தில் சறுக்கல்களும் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. குரூப்பில் ஒரு நண்பர் காலமான செய்தி வந்த சூட்டோடு, அதன் கீழேயே ‘இதைப் பெற்ற ஏழு நாளில் உங்கள் வீட்டில் நல்லது நடக்கும்’ என்பதைச் சேர்த்துவிட்டார். அன்று மட்டும் அவரைப் பலர் படித்தார்கள்.

மற்ற நாளில் படிப்பதற்கு ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் மியூட் செய்யப் போனால் எட்டு மணி நேரமா, ஒரு வாரமா, எப்போதுமா என்று கேட்கும். மூன்றாவது வாய்ப்பை இவரை மனதில் வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பியதற்கு டிக் விழுகிறது, அது போதும் அவருக்கு.

அதே குடும்பக் குரூப்பில் அத்தையும் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வாய் திறந்தால் அதிகம். போன பங்குனியில், படமும் இல்லாமல் பூவும் இல்லாமல் ஒன்று போட்டார்: “மாவடு ஊறிருச்சு. வேணுங்கிறவங்க டப்பா எடுத்துட்டு வாங்க.”

காபி ஆறுவதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. மியூட் போட்டவர்கள் எப்படி மோப்பம் பிடித்தார்களோ! துபாயில் இருக்கும் மருமகன் யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று யோசனை கேட்டார். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சின்னப் பாட்டி வீட்டிலிருந்து, “ரெண்டு டப்பா கொண்டு வரலாமா?” என்று கேள்வி வந்தது. மாமாவின் பத்து வருஷ உழைப்புக்கு இத்தனை மறுமொழி மொத்தமாகச் சேர்த்தாலும் தேறாது.

அவருக்குப் பொறாமை இல்லை, நல்ல மனுஷர். பெருமையோடு அத்தையின் செய்தியை நடைப்பயிற்சிக் குரூப்புக்கும் பென்ஷனர் குரூப்புக்கும் ஃபார்வர்டு செய்தார், வழக்கம்போல் படிக்காமல். மறுநாள் காலை வாசலில் டப்பாக்களோடு பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். ஜாடி மதியத்துக்குள் காலி.

உங்கள் குடும்பக் குரூப்பை நீங்களும் மியூட்டில்தான் போட்டிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் அத்தையின் செய்தியும் அதே குரூப்பில்தான் வருகிறது. மாசி, பங்குனியில் மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.